எந்தப் பக்கம் மழை? தை மாதத்தில் மலைமுகட்டு நடை

2025 ஜனவரி 24, வெள்ளி – நுவரெலியா

யாழ்ப்பாணத்தில் தைக் குளிர் என்பது விடியற்காலையில் தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போவதோடு சரி. எட்டு மணிக்கு வெயில் ஏறிவிடும். அந்தக் கணக்கில் ஒரேயொரு மெல்லிய ஸ்வெட்டரோடு வெளிக்கிட்ட மச்சான், நுவரெலியா பஸ் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் குளிருடுப்புக் கடை எங்கே என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

மச்சான் என்பது என் தங்கையின் கணவர். கூடவே அக்காவின் மகனும் வந்திருக்கிறான். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருப்பவன். பொங்கல் கழிய எங்கேயாவது மலை ஏறவேண்டும் என்று நச்சரித்தவனும் அவன்தான். சிவனொளிபாதமலைக்குப் போவோம் என்றேன். இப்போது சீசன், வழிநெடுக வெளிச்சமும் கடையும் இருக்கும், களைத்தால் இருக்கலாம். அவனுக்குப் படிக்கட்டு வேண்டாமாம். மண் பாதைதான் வேண்டுமாம், அதுவும் முகட்டின்மேல் போகிற பாதை. கீரிமலையைத் தவிர மலை என்ற பெயரில் எதையும் காணாமல் வளர்ந்த பிள்ளை. ஆசைப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்டியில் மாறி ஏறிய பஸ் ரம்பொடை வளைவுகளில் எங்களைப் பிழிந்து எடுத்தது. மருமகனுக்கு இரண்டு தரம் வாந்தி. முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல், கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து அவன் கையில் வைத்தார். மணந்துகொண்டே வந்தான். இறங்கும்போது திருப்பிக் கொடுக்கப் போக, அவர் சிரித்துவிட்டு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

குளிருடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மச்சானுக்கு ஒரு தடித்த ஜாக்கெட் 2,500 ரூபா என்றார் கடைக்காரத் தம்பி. 1,900க்கு இறங்கினார். “எந்த ஊர் அண்ணே?” என்றார். யாழ்ப்பாணம் என்றோம். “அப்ப இது பத்தாது, தொப்பியும் எடுங்க” என்று 400 ரூபாவுக்கு ஒரு கம்பளித் தொப்பியையும் தள்ளிவிட்டார். விற்கத் தெரிந்தவர்.

தங்குமிடத்தில் சுடுதண்ணீர் பத்து நிமிடம் வந்து நின்றுபோனது. அறையில் ஹீட்டர் இருக்கிறது, போட்டால் இரவுக்கு 750 ரூபா தனி. இதை அறை பதியும்போது யாரும் சொல்லவில்லை. போடவில்லை, மூவரும் இருந்த போர்வை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுத்தோம். அதற்கு முன் கடைவீதியில் சாப்பிட்ட கோழிக்கொத்து 900 ரூபா. கறி போதாது, ஆனால் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார்கள், இந்தக் குளிருக்கு அதுவே பெரிய விஷயம்.

விடுதிக்காரரிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னேன்: நாளை ஹோர்ட்டன் சமவெளி, பிறகு ஹப்புத்தளை முகடு. “ஹோர்ட்டன் பக்கம் காயுது சார், காலைல போனா நல்லா இருக்கும். ஹப்புத்தளைதான் சொல்ல முடியாது, அந்தப் பக்கம் மழை” என்றார். ஒரே மலை, ஒரே மாதம், ரயிலில் சில மணி நேரத் தூரம். ஒரு பக்கம் காய்கிறதாம், மறு பக்கம் நனைகிறதாம். அறைக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. எங்கள் வயலுக்கு மழை கொண்டுவரும் அதே வாடைக்காற்றுத்தான். வடகிழக்கிலிருந்து வந்து, ஹப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணப் பக்கச் சரிவில் முட்டி ஏறி, அங்கேயே ஈரத்தை இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நுவரெலியா, ஹற்றன் பக்கம் இறங்கும்போது வெறுங்காற்று. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் இது அப்படியே தலைகீழாகிவிடும். இந்தக் காய்ந்த குளிரில்தான் ஹற்றன் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்கு ருசி கூடுகிறது என்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அவர்களுக்கு நல்ல தேயிலைக் காலம்.

ஜனவரி 25, சனி – ஹோர்ட்டன் சமவெளி

நாலரை மணிக்கு வான் வந்தது. போக வர 9,000 ரூபா. சாரதி சிங்களவர், உடைந்த தமிழ் கதைப்பார், எங்கள் உடைந்த சிங்களத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. தேசியப் பூங்காவின் பட்டிப்பொல வாசலை அடைந்தபோது முன்னால் நீண்ட வாகன வரிசை. சனிக்கிழமை என்பதை யாரும் யோசிக்கவில்லைப் போலும் என்று பார்த்தால், எல்லோரும் சனிக்கிழமை என்பதால்தான் வந்திருக்கிறார்கள்.

உள்ளே போகுமுன் பைகளைத் திறந்து காட்டவேண்டும். பொலித்தீன் எதுவும் உள்ளே போகக்கூடாது. பிஸ்கட்டின் உறையைக்கூடக் கழற்றிக் காகிதத்தில் போடச் சொல்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பொலித்தீன் பட்டியையும் உரித்து எடுத்தார்கள். நல்ல நடைமுறை, வரிசை நகரத்தான் நேரம் எடுக்கும். எங்கள் பையில் இருந்தது புழுக்கொடியல். வீட்டில் அக்கா ஒரு பெரிய பொலித்தீன் பையில் கட்டித் தந்திருந்தார். பாரமில்லை, பழுதாகாது, ஒரு துண்டை வாயில் போட்டால் அரை மணித்தியாலம் ஓடும். மலை நடைக்கு இதைவிட நல்ல தீன் எனக்குத் தெரியாது. பரிசோதித்த இளைஞர் அந்தக் காய்ந்த துண்டுகளை எடுத்து, திருப்பிப் பார்த்து, மணந்தும் பார்த்தார். மரமா என்றார் சிங்களத்தில். பனங்கிழங்கு என்று விளக்கி ஒன்றைக் கொடுத்தோம். கடித்துப் பார்த்தார். பல் இறங்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவராலும் முடியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பழைய பத்திரிகைத் தாளில் கொட்டிச் சுற்றித் தந்தார், அந்த ஒரு துண்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினால் புல்வெளி முழுக்க வெள்ளை. ஆனையிறவு உப்பளத்தை விடியற்காலையில் பார்த்தது போல இருந்தது. குனிந்து புல்லைத் தொட்டேன். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் பல்லுப்பல்லாக உறைபனி, விரல் பட்டதும் உடைந்து தண்ணீராகிவிடுகிறது. மருமகன் போனைப் பார்த்து மூன்று பாகை என்றான். படம் எடுக்கக் கையுறையைக் கழற்றியவனுக்கு விரல் வேலை செய்யவில்லை. சற்றுத் தள்ளி மரை இரண்டு, ஆட்களைப் பற்றிக் கவலையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. யாரும் தீன் போடக்கூடாது என்று பலகை இருக்கிறது. அதன் கீழேயே ஒருவர் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவு. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம் என்பது சமதரையில் நடக்கும்போது தெரியாது, சிறு ஏற்றம் வந்ததும் மூச்சு சொல்லிவிடும். பாதை பற்றிச் சொல்லவேண்டும். மழை இல்லாததால் சேறு இல்லை என்று சந்தோஷப்பட்டோம், ஆனால் உறைபனி உருகத் தொடங்கியதும் செம்மண்ணின் மேல்தோல் மட்டும் வழுக்கத் தொடங்கியது. கீழே மண் இறுக்கம், மேலே கால் விரல் அளவு குழம்பு. சேற்றைவிட இது மோசம், பார்த்தால் தெரியாது. நடந்து நடந்து தேய்ந்து பாதை பல இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்காலாகிவிட்டது, இரண்டு பக்கமும் வேர்கள் தொங்குகின்றன. இறக்கங்களில் மக்கள் வாய்க்காலை விட்டுப் புல்லின் மேல் ஏறி நடந்து, பக்கத்தில் இன்னொரு வாய்க்காலை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்புக்கு ஏழரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். ஒன்பது பத்து மணிக்குப் பிறகு முகில் ஏறி மூடிவிடும் என்பதால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் வருகிறார்கள். ஏறத்தாழ 880 மீற்றர் பள்ளம். நான் விளிம்புக்குப் போகவில்லை. மச்சான் என்னையும் தாண்டிப் பின்னால் நின்றார். கீழே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயன் வீடுகளின் கூரைகள் தகரத் துண்டுகளாக மினுங்குகின்றன, அதற்கும் அப்பால் தெற்கே தாழ்நிலம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பாறையில் துணி விரித்துப் பால்சோறும் லுணுமிரிசும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாட்டி எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துண்டு வாழையிலையில் வைத்துத் தந்தார். மறுப்பது மரியாதையில்லை, பசியும் இருந்தது. பதிலுக்குப் புழுக்கொடியலை நீட்டினோம். பாட்டி பொக்கைவாயைக் காட்டிச் சிரித்தார், பேரன் வாங்கிக்கொண்டான்.

மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கும் ஊற்றுகள் இந்தச் சமவெளியிலும் சுற்றியுள்ள சரிவுகளிலும் இருக்கின்றன. இங்கே விழும் ஒரு மழை கொட்டியாரக் குடாவுக்கும் போகலாம், கொழும்புக் கடலுக்கும் போகலாம், அம்பலாந்தோட்டைக்கும் போகலாம், எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து. வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று காட்ட ஒன்றுமில்லாத குடாநாட்டிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் அநியாயமாகப்பட்டது.

திரும்பும் வழியில் தொட்டுப்பொல மலை ஏறினோம். நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலை, 2,357 மீற்றர், ஆனால் வீதியிலிருந்து ஏறவேண்டிய தூரம் கொஞ்சந்தான். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று கதை சொல்வார்கள். விமானம் இறங்க இடம் எங்கே என்று மச்சான் கேட்டார், நியாயமான கேள்வி: பாதையே ஓர் ஆள் அகலம். இரண்டு பக்கமும் கூனிக் குறுகிய மரங்கள், கிளைகளில் நரைத்த தாடியாகப் பாசி. பல மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன. சமவெளிக் காடுகளில் இப்படி மரங்கள் சாவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். மேலே போனபோது பதினொரு மணி. முகில் மூடிவிட்டது. மூவரும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வான் சாரதிக்கு முகம் சரியில்லை, இந்த ஏற்றம் பேச்சில் இல்லையே என்றார். 1,000 ரூபா கூடக் கொடுத்ததும் சரியானது.

ஜனவரி 26, ஞாயிறு – ரயிலில் ஹப்புத்தளைக்கு

தொடை இரண்டும் பலகை. படி இறங்கும்போது மச்சான் பக்கவாட்டாக இறங்குகிறார்.

நானுஓயாவில் ஏறினோம், நல்ல வெயில். இருக்கை இல்லை, கதவடியில் நின்றோம். இறால் வடைக்காரர் ஒருவர் கூடையோடு வந்தார், இரண்டு வடை 200 ரூபா, பழைய கொப்பித் தாளில் சுற்றித் தந்தார். என்னுடையதைச் சுற்றியிருந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை ஆறாம் வாய்பாடு எழுதியிருந்தது, எல்லாம் சரி. வடை கொஞ்சம் பழசு. பருத்தித்துறை வடை சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு இதெல்லாம் வடையில்லை என்று மச்சான் சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

பட்டிப்பொலைதான் நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். 1,891 மீற்றர் என்று போட்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் பாதையின் உச்சி, அங்கே ஒரு சுரங்கம். மத்திய மாகாணத்தில் உள்ளே போய் ஊவாவில் வெளியே வருகிறோம். சுரங்கத்துக்குள் போகும்வரை கதவுக் கம்பி சூடாக இருந்தது. வெளியே வந்ததும் முகத்தில் தூறல். உண்மையாகவே அப்படித்தான். நீல வானத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். இந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையில் முகில் படுத்துக் கிடக்கிறது, தண்டவாளத்தோர வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. விடுதிக்காரர் சொன்னதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். பெட்டியில் இருந்த ஊர்க்காரர்கள் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. கதவை மூடினார்கள், அவ்வளவுதான்.

ஹப்புத்தளையில் நாங்கள் தங்கியது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மேல்மாடி. அறை 4,500 ரூபா, சுடுதண்ணீர் கேத்தலில் வரும். இரவுச் சாப்பாட்டுக்கு அந்த அம்மா தேங்காய்ப்பூ ரொட்டியும் மாசிச் சம்பலும் பருப்பும் தந்தார். கூடவே பச்சைத் தேயிலைக் கொழுந்தைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய் விட்டுப் பிசைந்த ஒரு சம்பல். கொஞ்சம் துவர்ப்பு, நாக்கின் அடியில் தேத்தண்ணி ருசி கடைசியாக வரும். மூன்று பேரும் ரொட்டியைத் திரும்பக் கேட்டது அந்தச் சம்பலுக்காகத்தான்.

நாளைக்கு முகட்டில் நடக்கப் போகிறோம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சவுக்காரம் இருக்கா?” என்பது. குளிக்க அல்ல, அட்டைக்கு. பச்சைச் சவர்க்காரத்தை நனைக்காமல் கணுக்காலிலும் காலுறையின் மேலும் அழுத்தித் தேய்க்கவேண்டுமாம்.

ஜனவரி 27, திங்கள் – இதல்கஸ்ஹின்னவிலிருந்து அடிசம் வரை

காலை ரயிலில் ஒரு நிலையம் திரும்பிப் போய் இதல்கஸ்ஹின்னவில் இறங்கினோம். நிலையமே முகட்டின்மேல் இருக்கிறது. மேடையின் ஒரு பக்கம் நின்றால் ஊவாப் பள்ளத்தாக்கு, தண்டவாளத்தைக் கடந்து மறு பக்கம் போனால் தெற்குத் தாழ்நிலம். இங்கிருந்து தங்கமலைக் காட்டு ஒதுக்கத்தினூடாக முகட்டின் மேலேயே நடந்து அடிசம் மாளிகையடியில் வெளியே வரலாம்.

நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பாதை எப்படி என்று கேட்டோம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியிருப்பார். எங்கள் சப்பாத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “மூணு நாளா மழை சார். பாதை இருக்கு, ஆனா பாதை மாதிரி இருக்காது. நானும் அந்தப் பக்கம்தான் போகணும், வாங்க” என்றார். போகணும் என்பது எங்களுக்காகச் சொன்னது என்பது பிறகுதான் விளங்கியது. அவர் வீடு நிலையத்துக்குக் கீழே. காலில் பாட்டாச் செருப்பு. கையில் ஒரு கத்தி, தோளில் ஒரு சாக்கு.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காடு மூடிக்கொண்டது. தரையெல்லாம் ஊறிய இலைச் சருகு, கீழே களிமண். ஹோர்ட்டனின் செம்மண் வழுக்கல் வேறு, இது வேறு. இது காலை உள்ளே இழுக்கும், எடுத்தால் சத்தத்தோடு விடும். குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது; அதன் கீழே தவழ்ந்து போக இடமில்லை, மேலே ஏறினால் பாசி. பெரியவர் கத்தியால் பட்டையில் இரண்டு வெட்டுப் போட்டு, கால் வைக்க இடம் உண்டாக்கிக் கொடுத்தார். ஆளுக்கொரு தடியும் வெட்டித் தந்தார்.

மருமகன் முதல் அரை மணித்தியாலத்தில் மூன்று தரம் விழுந்தான். பெரியவர் அவனை நிறுத்தி நடை பழக்கினார். “தம்பி, நீங்க குதிக்காலை முதல்ல வைக்கிறீங்க. முழுப் பாதத்தையும் ஒண்ணா வைங்க. எட்டு சின்னதா வைங்க. வேரு மேல வைக்காதீங்க, ஈர வேரு சோப்புதான். காஞ்ச குச்சியப் பிடிக்காதீங்க, அது உங்களோட சேந்து வரும்.” இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கவும் கூடாதாம். பயத்தில் எல்லோரும் சாய்வார்கள், அப்போதுதான் கால் முன்னால் ஓடும். நானும் கேட்டு நடந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தால் வேகம் பாதி, ஆனால் விழவில்லை.

அட்டைகள் சருகு நுனியில் எழுந்து நின்று ஆடுகின்றன. சவர்க்காரம் பூசிய இடத்தில் ஏறவில்லை என்பது உண்மை. பூசாத இடத்தை, அதாவது மச்சானின் பிடரியை, ஒன்று மேலேயிருந்து கண்டுபிடித்தது. சேட்டின் கொலரில் இரத்தம் தெரிந்த பிறகுதான் அவருக்கே தெரியும். பெரியவர் தன் வெற்றிலைப் பையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார், சுருண்டு விழுந்துவிட்டது. இரத்தம் மட்டும் நெடுநேரம் நிற்கவில்லை.

பிறகு மரங்கள் விலகி முகடு வெளித்தது. பாதை அந்த இடத்தில் இரண்டு ஆள் அகலம் இருக்கும். இடது பக்கம், ஊவாவிலிருந்து, முகில் சரிவோடு ஏறி வந்து எங்கள் காலடியில் முட்டுகிறது. இடது கன்னத்தில் தூறல். வலது பக்கம் சரிவு முழுக்க வெயில், கீழே வயல்களும் குளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. முகில் முகட்டைத் தாண்டப் பார்த்து, தாண்டிய இடத்திலேயே கரைந்து போகிறது. என் மழையங்கியின் ஒரு கை நனைந்திருந்தது, மற்றக் கை காய்ந்திருந்தது. மருமகன் ஒரு காலை இந்தப் பக்கமும் மற்றக் காலை அந்தப் பக்கமும் வைத்து நின்று, படம் எடுங்கோ மாமா என்றான். எடுத்தேன். படத்தில் ஒன்றும் விளங்கவில்லை, சேறு பூசிய ஒரு பெடியன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அங்கே இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பெரியவர் புழுக்கொடியலைக் கண்டதும் கையை நீட்டினார். “இது கிளிநொச்சிலேருந்து வரும். எங்க சித்தப்பா குடும்பம் எழுபத்தேழு கலவரத்துல அங்க போனவங்கதான்” என்றார். பல்லும் நன்றாகத்தான் இருந்தது, கடக்கென்று கடித்தார். சித்தப்பாவின் பிள்ளைகள் இப்போது அங்கே காணி எடுத்து நெல் விதைக்கிறார்களாம். இவர் ஒரு தரம்தான் போயிருக்கிறார், செத்தவீட்டுக்கு. “எல்லாம் தட்டையா இருக்கு சார், எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னே தெரியல” என்றார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வன்னியில் வந்து காடு வெட்டியபோது எங்கள் ஆட்கள் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு துண்டு கேட்டார். மீதி எல்லாவற்றையும் அவர் சாக்கில் போட்டோம்.

இறக்கத்தில் மச்சானின் வலது சப்பாத்தின் அடி கழன்றது. ஐந்து வருடம் அலுமாரியில் இருந்த சப்பாத்து, ஒட்டு முழுக்கக் காய்ந்திருக்கும். பார்க்க நல்ல சப்பாத்து. பெரியவர் சாக்கிலிருந்து நூலை உருவித் திரித்து, அடியையும் மேலையும் சேர்த்து நான்கு சுற்றுக் கட்டினார். அது அடிசம் வரை நின்றது.

அடிசம் மாளிகை 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாம் நல்லதென்று வீட்டில் ஓடர் தந்து விட்டிருந்தார்கள். வாயில் பூட்டு. சனி, ஞாயிறு, போயா நாள், பாடசாலை விடுமுறை, இந்த நாட்களில்தான் வெளியாட்களுக்குத் திறப்பார்கள். திங்கட்கிழமை எங்களுக்கு எதிராகத்தான் இருந்தது. பெரியவருக்கு 2,000 ரூபா கொடுத்தோம், 1,000ஐத் திருப்பித் தந்தார். வற்புறுத்தியும் வாங்கவில்லை. ஹப்புத்தளைக்கு வந்த ஓட்டோவில் ஏறி, ரயில் நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போனார்.

ஜனவரி 28, செவ்வாய் – தம்பேதன்ன, பண்டாரவளை

இரவு முழுக்கத் தகரத்தில் மழை. விடிய எழும்பியபோது ஊர் இருக்கிற இடமே தெரியவில்லை. மச்சானுக்குச் சப்பாத்து இல்லை, பாட்டாவோடு வந்தார்.

லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்குத் தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் அளவு ஏறவேண்டும். தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. மேலே போக ஓட்டோ பிடித்தோம், இறங்கி நடக்கத் திட்டம். மேலே அவருடைய சிலை ஒன்று காட்சியைப் பார்த்தபடி இருக்கிறது. இன்றைக்கு அவருக்கும் எங்களுக்கும் ஒரே காட்சிதான்: பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. கடையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும், ஆளுக்கொரு பிளேன்ரீயும், மூவருக்கும் 780 ரூபா. ரொட்டி சுடச்சுட. வேறு யாருமே இல்லாததால் அடுப்படிக்குள்ளேயே கூப்பிட்டு இருத்தினார்கள்.

இறங்கும் வீதி தார் போட்டது, கால் வழுக்காது. பீக்கோ டிரெயில் காரர்கள் நட்ட வழிகாட்டிப் பலகையையும் இந்தப் பக்கங்களில் காணலாம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 கட்ட நடைபாதை, மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல். மருமகன் அதன் வரைபடத்தை நேற்று இரவே போனில் இறக்கிவிட்டான், எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

மழைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் பொலித்தீன், கூடைக்கயிறு நெற்றியில். நாங்கள் தார் வீதியிலேயே தடுமாறுகிற சரிவில் அவர்கள் செடிக்குள் குறுக்காக நடக்கிறார்கள். வீதியோரம் நின்ற ஒரு அக்கா, “எங்கேருந்து வாறீங்க?” என்றார். சொன்னோம். மழைக்குள் கூலி குறையுமா என்று மச்சான் கேட்டார், வங்கிக்காரர் புத்தி. “2024 கடைசில நாள் கூலிய 1,350 ஆக்குனாங்க. கிலோ வந்தாத்தான் முழுசா. ஈரக் கொழுந்துன்னு நிறுக்கும்போது தண்ணிக்குக் கழிப்பாங்க” என்றார். கை நிற்கவில்லை, இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒரு படம் எடுக்கலாமா என்று மருமகன் கேட்டான். “எடுங்க. வெள்ளைக்காரங்க கேக்காமலே எடுப்பாங்க” என்றார். அவன் என்ன நினைத்தானோ, போனைப் பைக்குள் வைத்துவிட்டான்.

பின்னேரம் பண்டாரவளைக்கு இறங்கினோம். அங்கே வானம் வெளித்திருந்தது. சந்தையடியில் செருப்புத் தைப்பவர் ஒருவர், மச்சானின் சப்பாத்தை வாங்கி, சாக்கு நூல் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதை யார் கட்டியது என்றார். இதல்கஸ்ஹின்னப் பெரியவரைப் பற்றிச் சொன்னோம். ஒட்டினால் 400, சுற்றிவரத் தைத்தால் 700. தைக்கச் சொன்னோம். மற்றச் சப்பாத்தையும் கழற்றுங்கள், அதுவும் போகப்போகிறது என்றார். கழற்றிப் பார்த்தால் அதுவும் வாயைத் திறக்கத் தொடங்கியிருந்தது. மொத்தம் 1,300, நூறு குறைத்தார்.

அங்கே லீக்ஸும் கரட்டும் மலிவு. மச்சான் ஒரு சாக்கு நிறைய வாங்கினார், தங்கை என்ன சொல்லப்போகிறாளோ. இரவு பஸ்ஸில் நடத்துநர் சாக்குக்குத் தனியாக 300 ரூபா கேட்டார். மச்சான் 200 என்றார். அந்தப் பேரம் மகியங்கனை வரை இழுபட்டது. மருமகன் பின் இருக்கையில் கிரிகல்பொத்தை மலைக்கு எந்த மாதம் நல்லது என்று தேடிக்கொண்டிருந்தான். பெப்ரவரி கடைசி என்றான். அந்தப் பக்கம் அப்போது காயுமாம்.